எஞ்சின் தட்டுகிறது, கேட்பவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பெட்ரோல் என்றால் எல்லாம் ஒரே பெட்ரோல்தான் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். விலை ஏறியதா, இறங்கியதா என்பதைத் தவிர அதைப் பற்றி நாம் வேறெதுவும் கேட்பதில்லை. நம் புதுச்சேரியில் அதற்கு வரி குறைவு. ஆகவே கடலூர், விழுப்புரம் பக்கத்து வண்டிகளும் எல்லை தாண்டி வந்து தொட்டியை நிரப்பிக் கொண்டு போகின்றன. விலையை அறிந்த அளவுக்குப் பொருளை நாம் அறியவில்லை. கடந்த 25 ஆண்டுகளில் பம்பின் குழாயிலிருந்து வரும் அந்தத் திரவம் ஓசையின்றி மாறிவிட்டது. மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்கள் அறிவியல் பட்டதாரிகள் அல்லர். நெல்லித்தோப்பிலும் முதலியார்பேட்டையிலும் கிரீஸ் படிந்த கைகளோடு வேலை செய்யும் மெக்கானிக்குகள். அவர்கள் அறிவு நம் பாடநூலில் இல்லை. நம் பாடநூல் அவர்கள் பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இடைவெளியால் இரு சாராருக்கும் நட்டம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொறி எப்போது விழ வேண்டும்?

நாம் வகுப்பில் படிக்கும் நான்கு வீச்சு எஞ்சினின் தத்துவத்தை 1862-ஆம் ஆண்டில் எழுதி வைத்தவர் போ தெ ரோஷா என்னும் பிரெஞ்சுக்காரர். அதை ஓடும் எந்திரமாக ஆக்கிக் காட்டியவர் ஜெர்மனியின் ஓட்டோ, ஆண்டு 1876. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும் கணத்தில் தீ மூட்ட வேண்டும் என்பது ரோஷாவின் ஏட்டுக் கணக்கு. நம் தேர்வுத்தாளிலும் நாம் அப்படித்தான் படம் வரைகிறோம். ஆனால், தெருவில் ஓடும் எந்த எஞ்சினிலும் பொறி அந்தக் கணத்தில் விழுவதில்லை, முன்னதாகவே விழுகிறது. ஏன்?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்றால் நொடிக்கு 50 சுற்று; அதாவது 18,000 டிகிரி. கலவை எரிந்து முடிய நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம் ஆகும் என்று கொண்டால், அதற்குள் கிராங்க் தண்டு 36 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகு தீ மூட்டினால், அழுத்தம் பிறக்கும்போது பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும். சக்தி புகைக்குழாய் வழியே வீணாகும், எஞ்சின் கொதிக்கும். ஆகவே பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அதே எஞ்சின் 1000 சுற்றில் மெல்ல ஓடினால் 36 டிகிரி 12 ஆகக் குறைந்துவிடுகிறது. வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்தள்ளத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைக்கற்கள் சுழன்று விரிகின்றன. மையவிலக்கு விசைக்கு இதைவிட அழகிய எடுத்துக்காட்டு உண்டா?

அளவுக்கு மீறி முன்தள்ளினாலும் ஆபத்து. பொறியிலிருந்து தீ பரவி வருமுன்பே, மூலையில் நசுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது கேட்கும் ‘டக் டக்’ என்னும் ஓசையைத்தான் ‘எஞ்சின் தட்டுது’ என்று பட்டறையில் சொல்கிறார்கள். தட்டவிட்டு ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகிப் போகும்.

ஆக்டேன் என்பது வலிமையா?

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலுக்குச் சக்தி கூடுகிறது என்பது பரவலான தவறான எண்ணம். அந்த எண், கலவை தானாக வெடிக்காமல் எவ்வளவு பொறுத்துக் கொள்ளும் என்பதற்கான அளவே ஆகும். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். எண் கூடினால் பொறுமை கூடுகிறது, அவ்வளவே. அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக் கொள்ளும்படி எஞ்சினில் அழுத்த விகிதமோ டைமிங்கோ அமைந்திருந்தால்தான் பலன் உண்டு. இல்லையேல் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது வீண் செலவு.

1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டல் நிற்பதைக் கண்டார். உலகம் அதைக் கொண்டாடியது. ஆனால், ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்பது பின்னர் தெளிவாயிற்று. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 87 ஆக இருந்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 88 ஆகி, 91 ஆகி, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் 95 ஆகியிருக்கிறது. வண்டி அதே வண்டி. உணவு மட்டும் மாறிவிட்டது.

பட்டறை தந்த பாடம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் எட்டாம் வகுப்போடு நின்றவர், கார் மெக்கானிக். சென்ற ஆண்டு ஒருவர் தம் பழைய கான்டெஸா காரை அவரிடம் கொண்டு வந்தார். 1800 சி.சி. இசுசு எஞ்சின் பூட்டிய அந்தக் கார் ஒரு காலத்தில் நம் சாலைகளில் மிடுக்கோடு பறந்த வண்டி. 2002-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ‘சூடேறுகிறது, கோரிமேட்டு ஏற்றத்தில் இழுக்கவில்லை’ என்பது அவர் முறையீடு. வேறோர் இடத்தில் எஞ்சினை இறக்கிப் போர் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள்.

என் தந்தையார் எதையும் பிரிக்கவில்லை. டைமிங் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். 87 ஆக்டேன் காலத்தில், தட்டாமல் இருப்பதற்காக யாரோ பொறியைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தது தெரிந்தது. ‘சார், எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. பெட்ரோல் மாறிப் போச்சு, டைமிங் மாறல. அவ்வளவுதான்’ என்றார். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக மயிரிழை அளவு திருப்பி இறுக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே அங்கே இரண்டு டிகிரி திருப்பினால் கிராங்கில் நான்கு டிகிரி மாறும். கணக்காக அவருக்கு இது தெரியாது, கைக்குத் தெரியும்.

பிறகு சாலையில் சோதனை. டாப் கியரில் 40 கிலோ மீட்டர் வேகத்தில் போய்க் கொண்டே ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்க வேண்டும். இலேசாக ஒரு தட்டல் கேட்டு உடனே மறைந்தால் டைமிங் சரி. தொடர்ந்து தட்டினால் சிறிது பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் இன்னும் சிறிது முன்தள்ள இடம் இருக்கலாம். அம்பாசடர், பியட் போன்ற பாயிண்ட் உள்ள வண்டிகளில் முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரி செய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். ஏனெனில் இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறிவிடும். விலை உயர்ந்த விளக்கு வேண்டும் என்பதுகூட இல்லை. 12 வோல்ட் பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் எர்த்துக்கும் இடையே பூட்டிச் சாவியைத் திருப்பி வைத்தால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரிந்து நேரத்தைக் காட்டிவிடும்.

எத்தனால் நல்லதா, கெட்டதா?

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. வெளிநாட்டு எண்ணெய்க்குக் கொட்டும் பணம் மிச்சமாகும், கரும்பு உழவருக்கு வருவாய் கிடைக்கும் என்பன அதன் நியாயங்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. எதிர்த்துத் தொடுத்த பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றமும் 2025 செப்டம்பரில் தள்ளிவிட்டது. ஆனால், ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாப் பெட்ரோலுக்கு என வடிவமைத்துப் பத்து விழுக்காட்டுக் கலப்புக்குச் சீர்செய்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. எஞ்சினைத் தக்கபடி மாற்றிச் சீர் செய்தால் இந்த இழப்பைக் குறைக்கலாம் என்றும் சொன்னது.

அந்தச் சீர் செய்தலை யார் செய்வது? புதிய காரில் கணினி செய்துகொள்ளும். கார்பரேட்டர் வண்டிக்குக் கணினி ஏது? எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் வழியே வரும் கலவை மெலிந்துவிடுகிறது. ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டும். ரப்பர் குழாய்களையும் பம்பின் டயப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்ற வேண்டும். அதன் பிறகு 95 ஆக்டேன் தரும் பொறுமைக்கு ஏற்ப டைமிங்கைச் சிறிது முன்தள்ளிச் சோதிக்க வேண்டும். எத்தனால் நீரை ஈர்க்கும்; கடற்காற்று வீசும் நம் ஊரில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்பதும் தவறு. எரிபொருளை மாற்றிய அரசு இந்த நான்கு செய்திகளையும் எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பம்புதோறும் ஒட்டியிருக்க வேண்டாமா? மாற்றத்தை மேலே முடிவு செய்துவிட்டு, செலவைக் கீழே இருப்பவன் தலையில் வைப்பது நீதியாகாது.

‘பழைய வண்டிகளைத் தூக்கி எறிந்தால் போயிற்று’ என்பாரும் உளர். அது வசதி உள்ளவர் வாதம். பழைய வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அது பொருட்காட்சி அன்று, அடுப்பெரிக்கும் தொழில்.

நம் கடமை

புதிய கார்களுக்கும் இந்த அறிவு வேண்டியதே. அவற்றின் எஞ்சினில் தட்டலைக் கேட்க ஓர் உணர்கருவி பொருத்தியிருக்கிறார்கள். அதிலுள்ள படிகத்தின் அழுத்தமின் விளைவைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். நாம் மூன்று மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்யும் அதே விளைவு! மெக்கானிக்கின் காது செய்த வேலையைத்தான் அந்தப் படிகம் செய்கிறது. படிகத்தைப் படிக்கும் நாம் அந்தக் காதை மதிக்கத் தவறலாமா?

நோயையும் அதன் காரணத்தையும் கண்டு, பின்னரே மருந்து செய்யச் சொன்னார் வள்ளுவர். பட்டறையில் நடப்பதும் அதுவே. பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இரண்டு. கழித்துப் போட்ட கார் எஞ்சின் ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரோடு வாங்கி நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருநாள், அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்து, ‘ஐயா’ என்று நாற்காலி போட்டு அமர வைத்துப் பாடம் கேட்கச் செய்யுங்கள். மாணவத் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் தெருவில் உள்ள பட்டறைக்குப் போங்கள். ஒரு டிகிரிக்கு எத்தனை நொடி என்று அவருக்குக் கணக்குச் சொல்லுங்கள். எந்த ஓசை நல்லது, எது கெட்டது என்று அவரிடம் கற்றுக் கொள்ளுங்கள். ஓசையைப் பிரித்தறியும் அந்த மூத்த தலைமுறை முதுமை அடைந்து வருகிறது. அவர்களோடு அந்த அறிவும் மறைந்து போகாமல் எழுதி வைப்பது, படிக்கும் வாய்ப்புப் பெற்ற நம் கையில்தான் இருக்கிறது.