மேடையில ஒண்டு, தொலைபேசியில ஒண்டு



ஒஸ்லோவில் தமிழ்ப் புத்தக வெளியீடு எப்படி நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். பொன்னாடை, வாழ்த்துரை, வடை, தேத்தண்ணி. மூத்த நாவலாசிரியர் இளம் எழுத்தாளரை மேடையில் வானளாவப் புகழ்வார். வீட்டுக்குப் போனதும் தொலைபேசியில் கதை வேற: "அந்தப் பிள்ளைக்குத் தமிழே வராது. அதெல்லாம் ஒரு எழுத்தா?" என்னிடமும் ஒருவர் இப்படிச் சொன்னார். எழுதின பிள்ளையிட்ட மட்டும் சொல்லேல்ல.

இதைத் தனிப்பட்ட கருத்து எண்டு விட ஏலாது. அடுத்த தொகுப்பில் ஆரைச் சேர்ப்பது, ஆரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது எல்லாம் அந்தத் தொலைபேசிக் கதையில்தான் முடிவாகுது. இங்க பிறந்து, சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படிச்சு, வேலை முடிஞ்ச இரவுகளில் எழுதுகிற பிள்ளை, தன்னை ஏன் ஒருத்தரும் கூப்பிடுகினம் இல்லை எண்டு தெரியாமலே எழுத்தை நிறுத்திவிடும். இது விமர்சனம் இல்லை, அதிகாரம்.

செக்கோவைப் பாருங்கோ. 1898இல் கார்க்கி தன் கதைகளைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார். கார்க்கிக்கு அப்போது 30 வயது. பேக்கரியிலும் துறைமுகத்திலும் கூலி வேலை செய்தவர். செக்கோவ் கடிதத்தில், தனிப்பட்ட முறையில்தான், பதில் சொன்னார். திறமை இருக்கு, ஆனால் எழுத்தில் கட்டுப்பாடு இல்லை, இயற்கை வர்ணனை மிதமிஞ்சிப் போகுது என்றார். அடுத்த ஆண்டு, பெயரடைகளையும் வினையடைகளையும் வெட்டச் சொன்னார். கசப்பான வார்த்தைதான். ஆனால் கார்க்கிக்கே எழுதினார்.

1902இல் ரஷ்யப் பேரரசின் அறிவியல் கழகம் கார்க்கியைக் கௌரவ உறுப்பினராகத் தெரிவு செய்தது. சார் மன்னனுக்கு அது பிடிக்கவில்லை. தெரிவு இரத்துச் செய்யப்பட்டது. செக்கோவும் கொரலென்கோவும் தங்கள் உறுப்புரிமையைத் தூக்கி எறிந்தார்கள்.

குறையை எழுதினவரிடமே சொன்ன மனுசன், அநியாயம் நடந்தபோது பகிரங்கமாகக் கூட நின்றார். எங்கட பெரியவர்களோ பகிரங்கமாகப் பொன்னாடை போடுகினம். ஒரு பெண் எழுதினதுக்காக ஊரே அவளை ஏசும்போது வாய் திறக்கமாட்டினம்.

ஆகவே ரெண்டு விசயம் கேட்கிறேன். எங்கட அடுத்த வெளியீட்டில் வாழ்த்துரை வேண்டாம். எழுத்தாளர் இருக்கும்போதே ஒரு மணித்தியாலம் விமர்சனமும், அவருடைய பதிலும் நடக்கட்டும். இனி ஆராவது தொலைபேசியில் இளையவர்களின் எழுத்தைக் கிழிச்சால், மரியாதையாக ஒரே கேள்வி கேளுங்கோ: "ஐயா, இதை அந்தப் பிள்ளையிட்டச் சொன்னீங்களா?"