மோர்ஓவரைக் கழற்றி வையுங்கள்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் ஆங்கிலக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிற அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். நான் இதே ஸ்டுட்கார்ட்டில் படித்த காலத்திலும் அது இருந்தது. மேலே தடித்த எழுத்தில் 'லிங்கிங் வேர்ட்ஸ்'. கீழே நான்கு பெட்டிகள்: கருத்தைக் கூட்ட, எதிர்க்கருத்துச் சொல்ல, காரணம் காட்ட, முடித்து வைக்க. மோர்ஓவர், ஃபேர்தர்மோர், ஹவ்எவர், தெயர்ஃபோர் என்று பெட்டி நிறையச் சொற்கள். 'ரேடமிட்டல்' என்று நம் பாடசாலைகளில் கொடுக்கிற பட்டியல்களில் இதுவும் ஒன்று.

இன்றைக்கு இந்தத் தாளுக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். அதிலுள்ள சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றை நாம் பயன்படுத்தப் பழகிய விதத்தோடுதான் சண்டை. யோசிக்காமலே யோசித்ததுபோலக் காட்டுவதற்கு இந்தத் தாள் நம்மைப் பழக்குகிறது.

பத்தாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி திருத்தித் தரச் சொல்லித் தன் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்தாள். அதில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வகுப்பில் கைத்தொலைபேசி கவனத்தைக் கலைக்கிறது. மோர்ஓவர், எல்லா மாணவரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. தெயர்ஃபோர், அதைத் தடைசெய்ய வேண்டும்.' ஏன் இந்த இடத்தில் மோர்ஓவர் என்று கேட்டேன். "பந்திக்கு ரெண்டாவது போடோணும் அக்கா, இல்லாட்டிப் புள்ளி குறையும்" என்றாள்.

மோர்ஓவர் என்றால் 'இன்னொரு காரணமும் இருக்கிறது' என்று பொருள். எல்லாரிடமும் தொலைபேசி இருப்பது தடைக்கு இன்னொரு காரணமா? இல்லை. அது முதல் வாக்கியத்துக்குப் பலம் சேர்க்கிற தகவல். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அவள் என்னதான் சொல்ல நினைத்தாள் என்று கேட்டேன். 'எல்லாரிடமும் இருப்பதால், ஒன்று ஒலித்தாலே எல்லாரும் தன்னுடையதோ என்று பார்க்கிறார்கள்' என்றாள். பாருங்கள், சொல்லை எடுத்த பிறகுதான் தொடர்பு வந்தது.

இணைப்புச் சொல் அலங்காரம் இல்லை. அது ஒரு கூற்று. தெயர்ஃபோர் என்று எழுதினால், 'இதனால்தான் அது நடந்தது, நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். நம் ஊர்க் கதையிலேயே காட்டுகிறேன். இரண்டு உண்மைகளை எடுங்கள். ஒன்று: 2011 நவம்பர் 27 அன்று பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில், ஸ்டுட்கார்ட் 21 ரயில் நிலையத் திட்டத்திலிருந்து மாநிலம் விலகக்கூடாது என்று 58.9 வீதத்தினர் வாக்களித்தார்கள். இரண்டு: 2009இல் சுமார் 450 கோடி யூரோ என்று ஒப்பந்தம் போட்ட அந்தத் திட்டத்தின் செலவு பிறகு 1100 கோடியைத் தாண்டிவிட்டது.

இப்போது இணைத்துப் பாருங்கள். 'மக்கள் ஆதரித்தார்கள், ஆனால் செலவு இரண்டு மடங்கைத் தாண்டியது' என்றால், மக்கள் நம்பிய கணக்குப் பொய்த்துவிட்டது என்கிறீர்கள். 'செலவு கூடியிருந்தாலும் மக்கள் ஆதரித்தார்கள், ஆகவே கட்டி முடிக்க வேண்டும்' என்றால், வாக்கெடுப்பு எல்லாரையும் கட்டும் என்கிறீர்கள். 'மக்கள் ஆதரித்தார்கள், எனவே செலவு கூடியது' என்றால், வாக்களித்தவர்கள் மீது பழி போடுகிறீர்கள், அதற்கு ஆதாரம் ஏதும் காட்டவில்லை. உண்மைகள் மாறவே இல்லை, நிலைப்பாடு மூன்று தடவை மாறிவிட்டது. இதே இடத்தில் மோர்ஓவர் போட்டால்? நீங்கள் எங்கேயும் நிற்கவில்லை.

இது புள்ளிக்கான பிரச்சினை மட்டும் இல்லை. 'வெளிநாட்டுக்காரர் வந்தார்கள், அதனால் வாடகை ஏறியது' என்கிற வாக்கியத்தை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். அதில் ஆபத்தான சொல் 'வெளிநாட்டுக்காரர்' இல்லை, 'அதனால்'. எத்தனை வீடு கட்டினார்கள், யார் வாங்கினார்கள் என்று கேட்க வேண்டிய அத்தனை கேள்வியையும் அந்த ஒரு சொல் மூடிவிடுகிறது. அகதியாய் வந்தவர்களின் பிள்ளைகள் நாம். 'அதனால்' என்ற சொல்லை நிறுத்தி வைத்து விசாரிக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்திக்கு இரண்டு தெயர்ஃபோர் எண்ணிப் போடுகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வரும்?

நமக்கு இது ஏன் ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறுகிறது? தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினையின் வாலிலேயே இருக்கிறது. மழை பெய்ததால் போகவில்லை. மழை பெய்தும் போனாள். மழை பெய்தால் போகமாட்டாள். வாலை மாற்றினால் வாழ்க்கையே மாறுகிறது. யோசிக்காமல் வினையை முடிக்கவே முடியாது. இடைச்சொற்களுக்கென்று தொல்காப்பியம் ஒரு இயலே ஒதுக்கியிருக்கிறது. அவை தனியே நின்று இயங்குவதில்லை, பெயரோடும் வினையோடும் சேர்ந்துதான் இயங்கும் என்கிறது. 'உம்' என்ற ஒன்றுக்கே எட்டுப் பொருள் சொல்கிறது.

ஜேர்மனும் சும்மா விடாது. 'வைல்' போட்டால் வினை கடைசிக்குப் போக வேண்டும். 'டெஸ்ஹால்ப்' என்று தொடங்கினால் வினை எழுவாய்க்கு முன்னால் வர வேண்டும். வாக்கியம் அசைவதால் நீங்களும் கொஞ்சம் யோசிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் மோர்ஓவரைத் தலையில் வைத்து ஒரு காற்புள்ளி போட்டால் போதும். வாக்கியத்தில் வேறொன்றும் அசையாது. ஸ்டிக்கர்போல ஒட்டலாம், உரிக்கலாம். அதனால்தான் நாம் ஒட்டிக்கொண்டே போகிறோம்.

அதற்குள் நமக்கென்றே ஒரு பொறியும் இருக்கிறது. ஜேர்மன் 'அல்ஸோ' என்றால் 'ஆகவே'. அதே எழுத்துகளில் வரும் ஆங்கில 'ஓல்ஸோ' என்றால் 'அதோடு'. ஆகவே என்று நினைத்து ஓல்ஸோ போட்டால், உங்கள் முடிவுரை இன்னொரு காரணமாக மாறிவிடும்.

'பட்டியல் இல்லாமல் எப்படி அக்கா கட்டுரை ஒட்டி நிற்கும்?' என்று கேட்பீர்கள். 1976இல் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் ஆங்கிலத்தில் வாக்கியங்கள் எப்படி ஒட்டி நிற்கின்றன என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள். ஐந்து வழி சொன்னார்கள். இணைப்புச் சொல் அதில் ஒன்று மட்டும்தான். 'அது', 'இவர்கள்' என்று முன்னால் சொன்னதைச் சுட்டுவது, ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது, அதே சொல்லையோ உறவான சொல்லையோ திரும்பக் கொண்டுவருவது ஆகியவை மற்ற நான்கு. உங்கள் தாள் ஐந்தில் ஒன்றைத் தந்துவிட்டு முழுவதும் தந்ததுபோல நடிக்கிறது.

'ஆனால் புள்ளி?' என்பீர்கள். நியாயமான கேள்வி. சொல்லே தெரியாதவருக்குப் பட்டியல் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐஈஎல்டிஎஸ் பரீட்சையின் எழுத்துப் பகுதி அளவுகோலைப் படித்துப் பாருங்கள். இணைப்புச் சொற்களை அளவுக்கு மிஞ்சிப் போடுவது அங்கே நடுத்தரப் புள்ளிக்கு அடையாளம். உச்சப் புள்ளி, இணைப்பு மிக அரிதாகவே கண்ணில் படுகிற எழுத்துக்கு. 1996இல் கிரேஞ்சரும் டைசனும் பிரெஞ்சு பேசும் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்தபோதும் இப்படித்தான் இருந்தது. மோர்ஓவர் போன்ற கூட்டல் சொற்கள் தேவைக்கு மேல். ஹவ்எவர், தெயர்ஃபோர் போல வாதத்தைத் திருப்புகிற, முன்னே நகர்த்துகிற சொற்கள் குறைவு. கூட்டுவது சுலபம், வாதாடுவதுதான் கஷ்டம்.

அடுத்த கட்டுரைக்கு இதைச் செய்து பாருங்கள். முதலில் ஒரு இணைப்புச் சொல்கூட இல்லாமல் எழுதுங்கள். பிறகு இரண்டு இரண்டு வாக்கியமாக எடுத்து, நடுவில் என்ன உறவு என்று தமிழில் உங்களுக்கே சொல்லுங்கள்: 'ததால்' வருகிறதா, 'தும்' வருகிறதா, 'தால்' வருகிறதா? ஒன்றுமே வராவிட்டால் பிழை சொல்லில் இல்லை, உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. வாக்கியத்தை மாற்றுங்கள், அல்லது தூக்கி எறியுங்கள். உறவு தானாகவே தெரிந்தால் சொல் வேண்டாம். வாசிப்பவர் வழி தவறுவார் என்றால் மட்டும் போடுங்கள். அப்போதும் சின்னச் சொல்லே போதும்: பட், ஸோ, பிகோஸ். வாக்கியத்தைப் 'பட்' கொண்டு தொடங்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1611இல் வந்த ஆங்கில பைபிளைத் திறந்தால் 'அண்ட்' என்றே தொடங்கும் வசனங்கள் பக்கம் பக்கமாக இருக்கும்.

தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. கொப்பிக்குள்ளேயே கிடக்கட்டும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால், இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் நான் எங்கே நிற்கிறேன் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். பட்டியலில் அந்தப் பதில் கிடையாது.