பள்ளிக் கூட்டத்துக்கு வாருங்கள்



நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புத்தகம், சீருடை, காலை உணவு எல்லாம் அரசு தருகிறது. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய நம்பிக்கையை மட்டும் எந்த அரசாணையாலும் தர முடியாது. அதை உண்டாக்க வேண்டியவர்கள் தலைமையாசிரியரும் நாமும்தான்.

நம்பிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறோம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1988இல் வந்த சட்டத்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள குழு அமைந்தது. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே அதற்குக் கிடைத்தது. இருந்தும் சில தொடக்கப் பள்ளிகள் முன்னேறின, சில நின்ற இடத்திலேயே நின்றன. காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் அந்தோணி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002இல் தங்கள் ஆய்வை நூலாக்கினார்கள். ஆசிரியர், பெற்றோர், தலைமையாசிரியர் ஆகியோரிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டுக்கு ஒன்று முன்னேறியிருந்தது. நம்பிக்கை மிகவும் குன்றிய பள்ளிகளிலோ ஏழுக்கு ஒன்றுதான்.

ஊரும் பள்ளியும் சேர்ந்து நிற்பது நமக்கும் புதிதல்ல. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்குத் தேவையானதை ஊராரே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இன்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஆனால் பல ஊர்களில் கூட்டம் நடப்பதில்லை. தீர்மான நோட்டுதான் வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போகிறது. மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் களையெடுக்கப் போன அம்மா எப்படி வருவார்? அவர் வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்குக் கூட்டத்தை மாற்றி, வாசலில் நின்று “வாங்கம்மா” என்று பெயர் சொல்லி அழைத்து, அவர் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லி, பிறகு குறையைச் சொல்லும் தலைமையாசிரியர் இருந்தால் அடுத்த மாதம் அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருவார். பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கே போய் விசாரிப்பவரை ஊர் விட்டுக்கொடுக்காது. இப்படிப் பழகும் பண்பே தலைமையாசிரியர் வேலையில் பாதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் பாடமும் அவரே, எமிஸ் இணையத் தளத்தில் மாணவர் விவரப் பதிவும் அவரே. கல்வி அலுவலர்களே, பதிவு வேலையைக் குறையுங்கள். மாறுதலில் போகும் தலைமையாசிரியர், புதிதாக வருகிறவரை ஊராருக்கு நேரில் அறிமுகப்படுத்திவிட்டுப் போகும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

பெற்றோர்களே, குறை இருந்தால் டீக்கடையில் பேசாமல் கூட்டத்தில் பேசுங்கள். பேசும்போது ஆசிரியரின் மரியாதை குறையாமல் பேசுங்கள். தனியார் பள்ளி வேனில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் வாருங்கள். இது உங்கள் ஊர்ப் பள்ளியும்தான். முன்னாள் மாணவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும், நன்கொடை அப்புறம்.

கூட்டம் நடக்காத ஊரில், அடுத்த கிராம சபையில் எழுந்து ஏன் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர், முன்னாள் மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்