கேட்டவருக்கா, நமக்கா?

இன்னொருவர் படைத்த பாத்திரங்களை வைத்து நாம் கதை எழுதினால் அதற்குப் பெயர் ஃபேன் ஃபிக்ஷன். பெயர்தான் புதுசு, காரியம் பழசு. கல்கியின் பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதவில்லையா? புதுமைப்பித்தன் அகலிகையைக் கையில் எடுத்து சாப விமோசனம் எழுதவில்லையா?

ஆங்கிலத்தில் இப்படி எழுதுபவர்களிடம் பரிசுப் பரிமாற்றம் என்று ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் ஒரு கதை கேட்கலாம். பதிலுக்கு வேறு யாருக்கோ ஒரு கதை எழுதித் தரவேண்டும். இதில் பிரசித்தமானது 2003-ல் ஆரம்பித்த யூல்டைட். ரசிகர் கூட்டம் சின்னதாக உள்ள புத்தகங்களுக்கும் படங்களுக்கும் என்றே நடப்பது. பரிசுக் கதை ஆயிரம் வார்த்தைக்குக் குறையக்கூடாது. கிறிஸ்துமஸ் அன்று கதைகள் வெளியாகும்; எழுதியது யார் என்பது புத்தாண்டில்தான் தெரியும். கதைகள் இருக்கும் தளம் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்'. லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துவது, 2019-ல் ஹியூகோ விருது வாங்கியது.

காசு பைசா கிடையாது. "அப்புறம் எதுக்கு சார் ராத்திரி பதினோரு மணிக்கு இதை எழுதறீங்க?" என்று இங்கே நாக்பூரில் என் கிளையில் ஒரு தம்பி கேட்டான். வட்டி வராத இடத்தில் முதல் போடுவதை வங்கிக்காரனுக்கு விளக்குவது கஷ்டம் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கோரிக்கையை எடுத்துக்கொள்வது? இந்தக் கூட்டத்தில் அதை ப்ராம்ப்ட் என்பார்கள். 'உன் மனசில் எந்தக் கதை பொறி தட்டுகிறதோ அதை எடு' என்பதுதான் வழக்கமான அறிவுரை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோரிக்கையைத் தேர்ந்தெடுப்பது என்றால் கதைக்கரு தேர்ந்தெடுப்பது இல்லை, ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பது. அந்த ஆள் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார்.

கோரிக்கைகள் பெரும்பாலும் மூன்று ரகம்.

முதல் ரகம், "எதுவானாலும் சரி, சந்தோஷம்" என்று ஒற்றை வரி. பார்க்க சுலபம். ஆனால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு துப்பும் கிடையாது. இருட்டில் கல் எறிகிற வேலை.

இரண்டாவது, இரண்டு பக்கக் கடிதம். இதைக் கண்டு ஓடுகிறவர்கள் அதிகம். ஓட வேண்டியதில்லை. யூல்டைட்டில் விதி தெளிவாக இருக்கிறது: எந்தப் படைப்பு, எந்தப் பாத்திரங்கள் என்பதுதான் கட்டாயம். மற்ற விவரமெல்லாம் விருப்பம், கட்டளை இல்லை. ஆனால் 'இது வேண்டாம்' என்று அவர் எழுதியிருப்பதை மட்டும் மதித்தே ஆகவேண்டும். குழந்தை சாகிற கதை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. நான் கடிதத்தில் முதலில் படிப்பது இந்தப் பகுதியைத்தான். அந்த வேலிக்குள் என்னால் எழுத முடியுமென்றால் மேலே படிப்பேன்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. படித்தவுடனே நம் தலையில் முழுக்கதையும் ஓட ஆரம்பித்துவிடும். அப்போது நாம் எழுதப்போவது நம் கதையை. அவர் பெயர் மேல் உறையில் இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம். ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் தனியாகவே பரிமாற்றங்கள் நடந்திருக்கின்றன. ஒருவர் டாக்டர் வாட்சனின் மனைவி மேரியைப் பற்றிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'புருஷன் ஹோம்ஸ் பின்னால் போனபிறகு அவள் வீட்டில் என்ன செய்வாள்?' அவ்வளவுதான் கேள்வி. உடனே நம் மூளை சொல்லும்: மேரியும் ரகசியமாகத் துப்பறிகிறாள்! பிபிசி தொடரில் 2014-ல் அவளை முன்னாள் உளவாளியாகவே ஆக்கினார்கள். விறுவிறுப்புத்தான். ஆனால் கேட்டவர் கேட்டது அதையா?

கோனன் டாயிலின் 'மேன் வித் தி ட்விஸ்டட் லிப்' கதையை (1891) எடுத்துப் பாருங்கள. ராத்திரியில் கேட் விட்னி என்ற சிநேகிதி அழுதுகொண்டு மேரியைத் தேடி வருகிறாள். கணவன் அபினிக் கூடத்தில் கிடக்கிறான். துயரப்படுகிறவர்கள் இப்படித் தன் மனைவியைத் தேடி வருவது வழக்கம் என்று வாட்சனே சொல்கிறார். வாட்சன் போகிறார், அந்த ஆளை வண்டியில் ஏற்றி அனுப்புகிறார், கூடவே மேரிக்கு ஒரு துண்டுச் சீட்டு. அவர் ஹோம்ஸோடு கிளம்பிவிட்டார். இதே கதையில் மேரி, ஜான் என்ற தன் கணவனை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறாள். டாயிலின் கவனப்பிசகு என்றுதான் தோன்றுகிறது. டாரதி சேயர்ஸ் அதற்கும் ஒரு கட்டுரை எழுதி, நடுப்பெயரில் உள்ள எச் என்பது ஹேமிஷ், அதாவது ஜேம்ஸ் என்று சமாதானம் சொன்னார்.

அழுத சிநேகிதி, திரும்பி வராத கணவன், கையில் துண்டுச் சீட்டு. கேட்டவருக்கு வேண்டிய மேரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். துப்பாக்கி எதுவும் தேவையில்லை. அந்த மேரியோடு ஒரு ராத்திரி விழித்திருக்க எனக்குப் பொறுமை உண்டா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். உண்டென்றால் எடுக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம், அதுவும் மரியாதைதான்.

'எழுதுகிறவன் தன் மனசுக்குப் பிடித்ததைத்தான் எழுதவேண்டும்' என்று ஒரு வாதம் வரும். தாராளமாக. அதற்கு வருஷத்தில் மீதி நாளெல்லாம் இருக்கிறது. பரிசு என்று பெயர் வைத்துவிட்டால் அளவு எடுத்துத்தான் தைக்கவேண்டும்.

இன்னொன்று, கையிருப்பு நேரம். யூல்டைட் மாதிரி இடங்களில் 'இவற்றை என்னால் எழுத முடியும்' என்று நாம் ஒரு பட்டியல் கொடுப்போம். ஆளை அவர்கள் பொருத்தித் தருவார்கள். உற்சாகத்தில் பத்துப் புத்தகம் எழுதிவைப்பது சுலபம். கெடு வருவது டிசம்பரில். எனக்கோ அந்த மாசக் கடைசியில் காலாண்டுக் கணக்கு முடிக்கவேண்டும். ஆகவே, சுமாரான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மறுபடி படித்து முடிக்கக்கூடிய புத்தகங்களை மட்டுமே கொடுப்பேன். நாம் கைவிட்டால் 'பிஞ்ச் ஹிட்டர்' என்று யாராவது ஒரு புண்ணியவான் கடைசி நிமிஷத்தில் நம் கடனை அடைக்கவேண்டி வரும். அவருக்கும் வீடு, வேலை உண்டு.

கடைசியாக, கடமைக் கதை முடிந்து நேரம் மிச்சம் இருந்தால் விருப்பப்படி இன்னொருவருக்கும் எழுதலாம். 'ட்ரீட்' என்பார்கள். இங்கேதான் முழுச் சுதந்திரம். எல்லாரும் மொய்க்கிற கோரிக்கைக்கு நம் கதை ஏழாவதாக இருக்கும். நான் பட்டியலின் அடியில் தேடுவேன். யாருமே படித்திராத ஒரு பழைய நாவலை ஒரே ஒருவர் மட்டும் வருஷாவருஷம் கேட்டுக்கொண்டிருப்பார். நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ அந்த நாவல் கிடைத்தால், படித்துவிட்டு எழுதுங்கள். தமிழ் பேச ஆளில்லாத ஊரில் திடீரென்று பின்னால் தமிழ்க் குரல் கேட்டால் எப்படி இருக்கும் என்று என்னைப்போல மாற்றலில் அலைகிறவர்களுக்குத் தெரியும். அவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டதைக் காதில் வாங்கி எழுதுகிறவர்கள்தான் குறைவு.