கூடு அடைக்க ஆளில்லாத வீடு

பொழுது சாய்ந்தால் கோழி தானாக வீடு திரும்பிவிடும். யாரும் ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆறு மணி வாக்கில் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் ஏறி, தன் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கதவைச் சாத்தி நாதாங்கியைப் போடுவது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்று கோழி வளர்க்கும் பல வீடுகளில் அந்த ஒரு வேலைக்குத்தான் ஆள் இல்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். பிறகு லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் ஷிப்ட் கணக்குக்கு மாறின. மாலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்தவர் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் கம்பெனி பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருப்பார். இரண்டாம் ஷிப்ட் போனவர் ஆலைக்குள் இருப்பார். இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர் தூங்கிக்கொண்டிருப்பார். வீட்டில் இருக்கும் பாட்டிக்கு முட்டிவலி. கொல்லைப்புறம் போய்க் குனிந்து கதவு போட முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் கீரியும் நாயும் வேலையை முடித்துக்கொண்டு போகின்றன.

பழைய ஏற்பாடு வேறு. திண்ணைக்கு அடியில் மண் சுவரிலேயே ஒரு கூடு, வாயை மூட ஒரு பலகை, பலகைக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல். பகலில் குஞ்சுகளைக் கவிழ்த்து வைக்கப் பஞ்சாரம். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாகக் கோழி வளர்த்தார்கள். ஆனால் அந்தக் கூட்டின் பாதி பலம் அந்த வீட்டு மனிதர்கள். திண்ணையில் எப்போதும் யாராவது படுத்திருந்தார்கள், வாசலில் வீட்டு நாய் கிடந்தது, கோழி ஒரு மாதிரி கத்தினால் எழுந்து பார்க்க ஆள் இருந்தது. இன்று ஆளும் இல்லை, திண்ணையும் இல்லை. அதனால் ஆள் இல்லாவிட்டாலும் தானே காவல் நிற்கும் கூட்டைத்தான் இனி நாம் கட்ட வேண்டும். தாத்தா காலத்துக் கூட்டை அப்படியே தகரத்தில் செய்து வைத்துவிட்டு, கோழி நிற்கவில்லையே என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

எதிரிகளும் குறைந்துவிடவில்லை. மேய்க்கால் நிலமும் தோப்பும் போனபின், இருந்த உயிரினங்கள் ஏரிக்கரையிலும், வேலி போட்டு வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கும் மனைகளிலும் ஒதுங்கியிருக்கின்றன. சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மனை போதும், கீரி குடும்பம் நடத்த. பனைமரம் இருக்கும் பக்கம் மரநாய் இருக்கும். அது பெரும்பாலும் தரையில் வராது, கூரை வழியாக வரும். கறிக்கடைக் கழிவும் ஓட்டல் எச்சிலும் தின்று பெருகிய தெருநாய்கள் கூட்டமாக வரும். சாரைப்பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். பெருச்சாளி மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். பகலில் வல்லூறும் காகமும் குஞ்சு தூக்கும்.

எது வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே அடைப்பது என்று தெரியும். முட்டையோ குஞ்சோ தடயமே இல்லாமல் குறைந்தால் பாம்பு என்று முதலில் சந்தேகப்படலாம். கழுத்திலும் தலையிலும் கடிபட்டு நாலைந்து கோழிகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் கீரி அல்லது மரநாய். கூண்டே வளைந்து, கம்பி கிழிந்து, வாசல் முழுக்க இறகு பறந்தால் நாய். தின்னாமல் இத்தனையைக் கொன்று போட்டிருக்கிறதே என்று பலர் வயிறு எரிந்து கேட்பார்கள். காட்டில் ஒரு பறவையைப் பிடித்தால் மற்றவை பறந்துவிடும். அடைபட்ட கூட்டில் பறக்க வழியில்லாமல் எல்லாம் படபடக்கின்றன. எதிரே அசைவது நிற்கும்வரை நுழைந்த விலங்கு கடித்துக்கொண்டே இருக்கிறது. கோழிக்கோ இருட்டில் சரியாகக் கண் தெரியாது. உள்ளே நுழைய ஒரு வழி இருந்துவிட்டால் அந்தக் கூடே கோழிகளுக்குப் பொறியாகிவிடுகிறது. அரைகுறைக் கூட்டைவிட வேப்பமரக் கிளையே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாத்தூர் பக்கம் ஒரு வீட்டின் பின்புறம் ஒரு கூட்டைப் பார்த்தேன். வீட்டுக்காரர் வெல்டர், அவர் மனைவி கைப்பேசி ஆலையில் அசெம்ப்ளி லைனில் வேலை. இருவரும் மாறி மாறி ஷிப்ட். பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் வைத்திருக்கிறார்கள். நான்குக்கு நான்கு அடியில் ஒரு இரவு அறை, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இரும்புக் குழாய்க் கால்களின் மேல் நிற்கிறது. அதை ஒட்டி எட்டுக்குப் பத்து அடியில், தலைக்குமேலும் வலை போட்ட ஒரு வெளிக்கூண்டு. இரவு அறையிலிருந்து ஒரு சறுக்குப் பலகை வழியாகக் கோழிகள் வெளிக்கூண்டுக்கு இறங்குகின்றன.

"ராத்திரி உள்கதவு மூட மறந்துட்டா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மறந்தா மறந்துட்டுப் போவுது தம்பி. வெளிக்கூண்டு எப்பவும் பூட்டித்தான் கெடக்கும். நான் வீட்ல இருக்கறப்போ மட்டும் கொல்லையில தொறந்து விடுவேன்" என்றார்.

இந்த ஒரு ஏற்பாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. இரவு அறையை மட்டும் பலமாகக் கட்டினால் தினமும் சாயங்காலம் ஒருவர் வந்து மூட வேண்டும். வெளிக்கூண்டையும் அதே பலத்தில் கட்டிவிட்டால், யாரும் வராத நாளிலும் கோழிக்குக் காற்று, வெயில், மண், தண்ணீர் எல்லாம் உள்ளேயே கிடைக்கும். வெளிச்சம் மங்கினால் தானாக மூடும் மோட்டார் கதவுகள் வெளிநாடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன. நம் ஊரிலும் டைமர் வைத்துச் செய்துவிடலாம். மின்சாரம் போகும் ஊரில், கடைசிக் கோழி ஏறுவதற்குள் கதவு இறங்கிவிடக்கூடிய ஊரில், நான் அதை நம்ப மாட்டேன். அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு மீட்டர் வலை வாங்கலாம்.

வலை என்றதும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அறுகோணக் கண் கொண்ட கோழிவலை. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். நாய் உள்ளே வராமல் தடுக்கப் போதாது. பல்லால் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். கேட்டு வாங்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகப் பூச்சுப் போட்ட வெல்டு மெஷ். இரண்டு அங்குல இடைவெளியில் கீரி நுழையும். ஒரு அங்குலத்தில் பாம்பும் எலியும் நுழையும். அரை அங்குலம் என்பது அதனால் வந்த கணக்கு. வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கமாக வைத்து அடிக்க வேண்டும். அப்போது வெளியிலிருந்து தள்ளினால் பாரம் சட்டத்தின் மேல் விழும். உள்பக்கம் அடித்தால் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். குண்டூசி மாதிரி ஸ்டேப்ளர் பின் அடித்து விடாதீர்கள். ரீப்பர் கட்டையை வலைக்கு மேல் வைத்து, வாஷர் போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள்.

அடிப்பக்கம்தான் பலர் விட்டுவிடும் இடம். மாத்தூர் வீட்டில் சுவர் வலையின் அடியில், வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்க வைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டிருந்தார்கள். தோண்ட வரும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். பின்னால் ஒன்றரை அடி தள்ளிப்போய் ஆரம்பிக்கலாம் என்று அதற்குத் தோன்றாது. நகம் வலையில் பட்டதும் விட்டுவிடும். சிமெண்ட் தரை போட வேண்டிய அவசியமே இல்லை. கோழிக்கு மண் குளியல் வேண்டும், இல்லாவிட்டால் செள்ளும் பேனும் ஏறும்.

இரவு அறைக்குள் முக்கியமானது கம்பு. நம் வீட்டுக் கோழியின் மூதாதையான செந்நிறக் காட்டுக்கோழி இரவில் மரக்கிளையில் அடையும் பறவை. அந்தப் பழக்கம் இன்னும் இதன் காலில் இருக்கிறது. இரண்டு அங்குலக் கனத்தில், ஓரம் மழித்த கட்டை, ஒரு கோழிக்கு எட்டு அங்குல நீளம். நான்கடிக் கட்டை இரண்டு போட்டால் பதினொரு கோழிக்குச் சரியாக இருக்கும். முட்டையிடும் பெட்டி ஓரடிக்கு ஓரடி, மூன்று போதும். பெட்டிகள் கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கோழி பெட்டியிலேயே அடைந்து, விடிந்தால் முட்டையெல்லாம் எச்சமாக இருக்கும்.

இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. இயந்திரங்களும் உதிரிபாகங்களும் வந்திறங்கிய மரப் பேலட்டுகளும் பெட்டிகளும் பழைய மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. நிறையப் பேர் இதில்தான் கூடு அடிக்கிறார்கள். வாங்கும்போது பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளில் பூச்சி போகாமலிருக்க 2002-ல் வந்த உலகப் பொதுவிதியின் அடையாளம் அது. அதில் எச்.டி. என்று இருந்தால் மரத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது, வேண்டாம். முத்திரை எதுவாக இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ள மரத்தை உயிருள்ள எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். பேலட் மரம் பெரும்பாலும் பைன். மண்ணில் நட்டால் கரையான் விடாது. அதனால்தான் கால் மட்டும் இரும்புக் குழாயாக இருக்க வேண்டும்.

கூரைக்கு எல்லோரும் தகரம் போடுகிறார்கள். மே மாதத்தில் அதன் அடியில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். கோழிக்கு வியர்க்காது. தகரத்தின் மேல் தென்னங்கீற்று முடைந்து போடுங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் நேர்வெயில் உள்ளே குறையும். சுவரின் மேல் பாகத்தை அடைக்காமல் வலையாக விட வேண்டும். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியேற அதுதான் வழி. வெயிலுக்கு ஈடுகொடுத்தாலும் மழை இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றுப் பக்கம் வெள்ளம் வந்தபோது எத்தனை கொட்டில்கள் மூழ்கின என்று முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்குத் தெரியும். கூட்டை உயரத்தில் வைப்பது பாம்புக்காக மட்டும் இல்லை.

ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கோழியை இழந்த கோபத்தில் சிலர் கறித்துண்டில் பூச்சிமருந்து தடவி வைக்கிறார்கள். கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி எல்லாமே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, கொல்வது குற்றம். சட்டம் கிடக்கட்டும். அந்தத் துண்டைத் தின்பது பக்கத்து வீட்டு நாயாக இருக்கும், காகமாக இருக்கும். ஒரு கீரி செத்தால் அந்த இடத்துக்கு அடுத்த மாதம் இன்னொரு கீரி வரும், நடுவில் எலி பெருகியிருக்கும். கூட்டின் ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும்.

நாட்டுக்கோழி ஒன்று வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். அதில் அடைக்கு வைத்து, 21 நாள் காத்துப் பொரித்த குஞ்சுகளில் பாதியைக் காகத்துக்கும் கீரிக்கும் கொடுத்துவிட்டால் வளர்த்தவருக்கு என்ன மிஞ்சும்? அரசு கிராமப்புறப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது, நல்ல காரியம். ஆனால் குஞ்சோடு கூட்டின் வரைபடமும், அரை அங்குல வலை வாங்க உதவியும் சேர்ந்து வர வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணின் கையில் பாதுகாப்பில்லாமல் குஞ்சைக் கொடுப்பது, அவரை நஷ்டத்துக்கு அனுப்புவதாகும்.

கோழி வளர்க்க நினைப்பவர்கள் கூட்டை முதலில் கட்டுங்கள், கோழியைப் பிறகு வாங்குங்கள். ஒரகடத்திலிருந்து அதிக தூரமில்லாத காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புறக்கடைக் கோழி வளர்ப்பு பற்றி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை வெள்ளைக்கழிச்சலுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எந்த நாதாங்கியாலும் தடுக்க முடியாத எதிரி அந்த நோய்தான். ஊசி போடும் நாளில் ஷிப்டை மாற்றிக்கொண்டாவது வீட்டில் இருங்கள்.