துணையை மறைத்து எழுதும் விண்ணப்பம்

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் வந்தவர்கள் அல்லர். கண்டோன்மென்ட்டையும் ரயில்வேயையும் நம்பி வந்து, இங்கேயே பிள்ளை பெற்றுப் பேரன் பேத்தி கண்டவர்கள் ஒரு பகுதி. மாதாப்பூர், கொண்டாப்பூர், கச்சிபௌலி பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து, இங்கிருந்து வேறொரு நாட்டுக்குப் போகக் காத்திருக்கும் இளைஞர்கள் இன்னொரு பகுதி. இந்த இளைஞர்களில் சிலர் கனடாவில் நிரந்தரக் குடியிருப்புக் கோரி விண்ணப்பிக்கும்போது செய்கிற ஒரு தவறைப் பற்றி இந்த இதழில் பேச விரும்புகிறோம். அது அவர்கள் மட்டும் செய்கிற தவறா, நாமும் சேர்ந்து செய்கிற தவறா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அண்மையில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மூன்று ஆண்டுகளாக அவரும் வேறு சாதியைச் சேர்ந்த ஒரு தெலுங்குப் பெண்ணும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். வீட்டுக்காரரிடம் கணவன் மனைவி என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்லாவிட்டால் வீடு கிடைத்திருக்காது. ஊரில் இருக்கும் தாய் தகப்பனிடம், நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆதார் அட்டையில் இன்னும் ஊர் முகவரிதான். அமீர்பேட்டைப் பக்கம் ஓர் ஏஜெண்டிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, திருமணச் சான்றிதழ் இருக்கிறதா என்பது. இல்லை என்றதும், "அப்படியானால் தனியாள் என்று போடுவோம். நீங்கள் முதலில் போய்ச் சேருங்கள், பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லிப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார். விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது. பிறகு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுத் தோழர் பதறிப்போய் வந்தார். "அண்ணே, இப்போ போய் உண்மையைச் சொன்னா எல்லாம் கெட்டுப்போயிடாதா?" என்பது அவருடைய கேள்வி.

சொல்லாவிட்டால்தான் கெட்டுப்போகும் என்று அவருக்குப் பதில் சொன்னோம். காரணத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

கனடாவின் இன்றைய குடிவரவுச் சட்டமும் அதன் விதிமுறைகளும் 2002 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கின்றன. திருமணச் சான்றிதழ் இல்லையென்றால் துணையும் இல்லை என்று அந்த விதிமுறைகள் கருதுவதில்லை. இரண்டு பேர் கணவன் மனைவிக்கு ஒப்பான உறவில் குறைந்தது ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் 'காமன்-லா பார்ட்னர்', அதாவது மணச்சடங்கோ பதிவோ இல்லாத வாழ்க்கைத் துணை. அவர்கள் ஆணும் பெண்ணுமாக இருக்கலாம். இரண்டு ஆண்களாகவோ இரண்டு பெண்களாகவோ இருந்தாலும் விதி ஒன்றுதான். விண்ணப்பதாரர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்கிற சலுகையாக இதை நினைப்பது பிழை. ஓராண்டு நிறைந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர் தனியாள் இல்லை. அமெரிக்க விசாவுக்கே பழகிப்போன நகரம் இது. அங்கே மனைவியைக் கூட்டிச் செல்ல மணச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பழக்கத்தில் கனடாவின் படிவத்தையும் நிரப்புகிறார்கள்.

மறைத்தால் என்ன ஆகும்? அந்த விதிமுறைகளில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. விண்ணப்பதாரர் நிரந்தரக் குடியிருப்புப் பெற்ற வேளையில், தம்முடன் வராத குடும்ப உறுப்பினர் ஒருவரை அதிகாரிகளின் பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்டிருந்தால், பிற்காலத்தில் அவரைக் குடும்ப வகையில் வரவழைக்க முடியாது. இத்தனை ஆண்டுக்குப் பிறகு தடை நீங்கும் என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. "பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று ஏஜெண்ட் சொன்னாரே, அந்தக் கதவைத்தான் அவர் எழுதிய ஒரு சொல் அடைத்துவிடுகிறது. பிலிப்பைன்ஸிலிருந்து 1993இல் கனடா சென்ற ஒரு தாய், தகப்பனிடம் விட்டுவந்த தம் இரண்டு மகன்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டார். பல ஆண்டுகள் கழித்து அவர்களை வரவழைக்க முயன்றபோது இந்தப் பிரிவு குறுக்கே நின்றது. டி குஸ்மான் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 2005இல் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பெற்ற மக்களுக்கே இந்த நிலை என்றால், பதிவில்லாத துணைக்கு யார் இரங்கப் போகிறார்கள்?

இது ஒரு பக்கம். பொய்த் தகவல் தந்ததாக முடிவானால், விண்ணப்பதாரரே 5 ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாதபடி தடை விதிக்கலாம். நிரந்தரக் குடியிருப்புக் கிடைத்த பிறகு தெரியவந்தால் அந்த அந்தஸ்தையே பறிக்கும் நடவடிக்கையும் வரலாம்.

ஏஜெண்டுகள் சொல்லும் காரணங்களையும் பார்த்துவிடுவோம். தனியாள் என்றால் புள்ளி கூடும் என்கிறார்கள். 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்குத் தனியாளுக்கு அதிக அளவு 500 புள்ளி என்றும், துணையோடு வருபவருக்கு 460 புள்ளியும் துணையின் தகுதிக்கு 40 புள்ளியும் என்றும் இருப்பது உண்மைதான். ஆனால் துணை தம்முடன் இப்போது வரவில்லை என்று உண்மையாகவே அறிவித்தால், அவருக்கும் தனியாளுக்குரிய கணக்கே போடப்படுகிறது. மறைப்பதால் கிடைக்கும் லாபம் என்ன? துணைக்கும் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மிச்சம். கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை சற்றுக் குறையும், ஏனென்றால் உடன் வராத துணையையும் சேர்த்தே குடும்பத்தைக் கணக்கிடுகிறார்கள். இந்தச் சில்லறைக்காக ஒரு பெண்ணின் எதிர்காலத்தை அடகு வைக்கச் சொல்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் பிரதிநிதியாக இருக்க, அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞருக்கோ ஆலோசகருக்கோதான் அதிகாரம் உண்டு. பலகை மாட்டியவர் எல்லோருக்கும் அந்த உரிமம் கிடையாது என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

ஆனால் பழியை ஏஜெண்டின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்தத் தோழர் மறைத்தது முதலில் கனடாவிடம் அல்ல, நம்மிடம்தான். ஊரிடம் மறைத்தவர் படிவத்திலும் மறைத்தார்.

ஏன் மறைக்கிறார்கள்? 2018 செப்டம்பரில் மிரியாலகுடாவில், சாதி மாறி மணந்த இளைஞர் ஒருவர் கர்ப்பிணி மனைவியின் கண் முன்னால் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 மே மாதம் இதே ஐதராபாத்தின் சரூர்நகரில், மதம் மாறி மணந்த ஒருவர் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே நடந்ததைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமே என்பார்கள். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மண அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். பெற்றவர்களுக்கும் சாதிக்காரர்களுக்கும் தேடி வர அந்த 30 நாள் போதும். சான்றிதழ் வாங்கப் பயந்துதான் பலர் சான்றிதழ் இல்லாமல் வாழ்கிறார்கள். ஒருபால் இணையருக்கோ அந்த வழியும் கிடையாது. ஐதராபாத்தில் வாழும் சுப்ரியோ, அபய் இணையர் முன்னின்று தொடுத்த வழக்கில், ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17 அன்று இந்திய உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது.

இங்கே ஒரு சங்கடத்தைக் கவனிக்க வேண்டும். எந்த உறவு மண உறவுக்கு ஒப்பானது என்பதை எப்படிக் கண்டறிவது என்று கனடாவின் உச்சநீதிமன்றம் 1999இல் 'எம். எதிர் எச்.' வழக்கில் ஆராய்ந்தது. ஒரே வீடு, பொருளாதார ஆதரவு, வீட்டு வேலைப் பங்கீடு போன்றவற்றோடு, சமுதாயம் அவர்களை எப்படிப் பார்க்கிறது என்பதையும் ஓர் அம்சமாகச் சொன்னது. எல்லா அம்சங்களும் எல்லோரிடமும் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றும் சொன்னது. நம் நாட்டில், கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010 அக்டோபர் 21 அன்று உச்சநீதிமன்றம் விதித்த நிபந்தனைகளிலும் முதலாவது, இருவரும் கணவன் மனைவி போலச் சமுதாயத்தின் முன் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே. இரண்டு நாட்டு நீதிமன்றங்களும் சமுதாயத்தின் சாட்சியைக் கேட்கின்றன. நம் சமுதாயமோ, வெளியே தெரிந்தால் வெட்டுவேன் என்கிறது. உயிருக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தவர்கள், ஒளிந்து வாழ்ந்த காரணத்தாலேயே நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள். கொடுமைக்கு அஞ்சிச் சேர்ந்து வாழவே முடியாமல் போன துணைவர்களையும் ஏற்க இடமளிக்கும் ஒரு விதி கனடாவில் உண்டு. அதற்கும் ஆதாரம் வேண்டும்.

சிலர் இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்பார்கள். நடிகை குஷ்பு 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளைப் போட்டது நம் தமிழ்ச் சமுதாயம். 2010 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவை அத்தனையையும் ரத்து செய்தது. பண்பாடு பேசுகிறவர்களுக்கு நம் வரலாற்றிலிருந்தே ஒன்றை நினைவூட்டுகிறோம். தாலியும் புரோகிதரும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. ஊரறிய மணந்து வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் சட்டத்தின் முன் துணையற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் வாழ்க்கையை யாரும் மறைக்கவில்லை. இயக்கம் அவர்களுக்குச் சாட்சியாக நின்றது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கினார். சட்டம் பின்னால் வந்தது, சாட்சிகள் முன்னால் நின்றார்கள். அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. எல்லை தாண்டி ஐதராபாத்துக்கு வந்த நமக்கு அது துணைக்கு வராது. ஆனால் சாட்சியாக நிற்கும் பழக்கத்தை எந்த எல்லையிலும் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு போக்கையும் நாம் எச்சரிக்கையோடு பார்க்கிறோம். உத்தரகண்ட் மாநிலத்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொதுச் சிவில் சட்டம், சேர்ந்து வாழ்பவர்கள் அதைப் பதிவு செய்தே தீர வேண்டும், தவறினால் சிறை என்கிறது. துணைக்கு உரிமை கிடைப்பதற்காக அறிவிப்பது வேறு. ஆளைக் கண்காணிக்க அரசு கட்டாயப்படுத்துவது வேறு. முதலாவதை ஆதரிக்கும் நாம் இரண்டாவதை எதிர்க்கிறோம்.

கனடா அரசிடமும் நமக்குக் கோரிக்கை உண்டு. 117(9)(டி) பிரிவின் கடுமையை உணர்ந்து, 2019 செப்டம்பர் 9 முதல் ஒரு தற்காலிகத் தளர்வு கொண்டுவரப்பட்டது. அது பின்னர் நீட்டிக்கப்பட்டு, 2026 செப்டம்பர் வரை என்று கெடு வைக்கப்பட்டது. அகதிகளாகச் சென்றவர்களுக்கும், குடும்ப வகையில் துணையாகவோ பிள்ளையாகவோ சென்றவர்களுக்கும் மட்டுமே அந்தத் தளர்வு. வேலைத் தகுதியால் போகும் ஐதராபாத் இளைஞருக்கு அதில் இடமில்லை. அவருக்கு மிஞ்சுவது மனிதாபிமான அடிப்படையில் மன்றாடுவது ஒன்றே. அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. கெடு வைத்துக் கொடுக்கும் கருணை போதாது. கனடிய அகதிகள் கவுன்சில் நெடுங்காலமாகக் கேட்டு வருவதுபோல், இந்தப் பிரிவையே நீக்க வேண்டும். விண்ணப்பதாரர் செய்த பிழைக்கு, படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத துணையைத் தண்டிப்பது எந்த நியாயம்?

அது நீங்கும்வரை நம் இளைஞர்களுக்குச் சொல்வது இது. ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் துணையை அறிவியுங்கள். உடன் வராவிட்டாலும் அறிவியுங்கள், மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். விண்ணப்பித்த பின்பு, கனடாவில் குடியிருப்பு உறுதியாவதற்குள் ஓராண்டு நிறைந்தாலோ, திருமணம் நடந்தாலோ, குழந்தை பிறந்தாலோ, அதையும் தெரிவியுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடுங்கள். கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வரும் ரசீதுகள், இன்சூரன்ஸில் எழுதிய வாரிசுப் பெயர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இருவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் பத்திரம் ஒன்று கனடா அரசிடமே இருக்கிறது. அதன் எண் ஐ.எம்.எம். 5409. ஓராண்டு நிறையாதவர்களும், வெறுமனே அறையைப் பகிர்ந்துகொள்பவர்களும் துணை என்று எழுதக் கூடாது. அதுவும் பொய்தான்.

தவறாக எழுதி அனுப்பிவிட்டவர்கள், முடிவு வருவதற்கு முன்பே உரிமம் பெற்ற வழக்கறிஞரைக் கலந்து தாமாகவே திருத்திக் கொடுங்கள். சிக்கல் வராது என்று நாம் உறுதி சொல்ல மாட்டோம். ஆனால் இப்போது வரும் சிக்கலுக்குப் பதில் சொல்ல வழி உண்டு, டொரொண்டோவில் போய் இறங்கிய பின் வரும் சிக்கலுக்கு வழி மிகக் குறுகலானது.

செகந்திராபாத்தில் வேரூன்றிய பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட இணையரை அறிந்த நண்பர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதமும் ஓர் ஆதாரமாகும். உங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பிள்ளைகள் வந்து கேட்டால், எங்களுக்கு ஏன் வம்பு என்று கதவைச் சாத்தாதீர்கள். சாதி எது என்றும் கேட்காதீர்கள். இவர்கள் இத்தனை நாளாக இந்த வீட்டில் குடும்பமாக வாழ்கிறார்கள், நான் அறிவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நம்மைத் தேடி வந்த தோழரும் அவருடைய துணைவியும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். நம் அமைப்பைச் சேர்ந்த இருவர் சாட்சிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். திருத்தம் அனுப்பப்பட்டிருக்கிறது. ஊரிலிருக்கும் தாய்க்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதையும் அவர் சொல்லும் நாள் வரவேண்டும். அந்த நாளில் அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.