கால்பந்து வெற்றி எங்கே விளைகிறது?

2025 அக்டோபரில் கோவாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில், சிங்கப்பூரிடம் இந்தியக் கால்பந்து அணி 1-2 என்ற கோல் கணக்கில் தோற்றது. 140 கோடி மக்கள் வாழும் நாடு, சுமார் 60 லட்சம் பேர் வாழும் நாட்டிடம் சொந்த மண்ணில் வீழ்ந்து, 2027 போட்டிக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது. 'இத்தனை கோடிப் பேரில் பதினொரு வீரர்கள் கிடைக்கமாட்டார்களா?' என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

அந்தக் கேள்வியே பிழையானது. 1930 முதல் 2022 வரை நடைபெற்ற 22 உலகக் கோப்பைப் போட்டிகளில் எட்டு நாடுகள் மட்டுமே பட்டம் வென்றுள்ளன. அவற்றுள் ஒன்று, இருமுறை வென்ற உருகுவே. அதன் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். 40 லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் குரோஷியா, 2018-இல் இறுதி ஆட்டத்தில் ஆடியது.

அப்படியானால் பணமா? சீனக் கழகங்கள் வெளிநாட்டு நட்சத்திரங்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுத்தன. எட்டு முறை சீன சாம்பியனான குவாங்சௌ கழகம், கடன் சுமையால் 2025 ஜனவரியில் கலைந்தது. சீன அணி உலகக் கோப்பையில் ஆடியது 2002-இல் மட்டுமே. அப்போதும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது ஐஸ்லாந்து. அங்கு மக்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவானோர். நீண்ட குளிர்காலம் வேறு. 2000-ஆம் ஆண்டு முதல் அந்நாடு உள்ளரங்க ஆடுகளங்களையும், பள்ளிகளை ஒட்டிச் சிறு செயற்கைப்புல் திடல்களையும் அமைத்தது. நூற்றுக்கணக்கானோரை உரிமம் பெற்ற பயிற்சியாளர்களாக்கியது. சிறு குழந்தைகளுக்கும் ஊதியம் பெறும், தகுதியுள்ள பயிற்சியாளரே கற்பித்தார். அந்தத் தலைமுறைதான் 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை வென்றது. 2018 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஹெய்மிர் ஹல்க்ரிம்சன் ஒரு பல் மருத்துவர்.

பொருளாதாரத்தில் இதை மனித மூலதனம் என்போம். மக்கள்தொகை வெறும் மூலப்பொருள். பத்து வயதில் முறையான பயிற்சியும், வாரந்தோறும் போட்டி ஆட்டமும் கிடைக்கும் சிறுவர்களின் எண்ணிக்கையே உண்மையான முதலீடு. ஓர் ஆட்டத்தின் முடிவில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. முப்பதாண்டுகளின் போக்கில் அதற்கு இடமில்லை. 1993-இல் தொழில்முறைத் தொடரைத் தொடங்கி, அதன் கழகங்களில் இளையோர் அணிகளையும் வளர்த்த ஜப்பான், 1998 முதல் எந்த உலகக் கோப்பையையும் தவறவிடவில்லை.

இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. 1962 ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை வென்று தங்கம் வென்றது. அதே தென்கொரியா 1986 முதல் ஒவ்வோர் உலகக் கோப்பையிலும் இடம்பெறுகிறது. நாமோ ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் தேசிய அணியின் பயிற்சியாளரை மாற்றுவது பற்றியே விவாதிக்கிறோம்.

மாவட்டந்தோறும் சிறுவர்களுக்கான ஆண்டு முழுதும் நடக்கும் தொடர், பள்ளிக்கொரு திடல், அதில் ஊதியம் பெறும் பயிற்சியாளர் - இவற்றுக்கு நிதி ஒதுக்கினால் பலன் கிடைக்கப் பதினைந்து ஆண்டுகளாகும். ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தலைச் சந்திக்கும் அரசுகளுக்கு அது நீண்ட காலம்தான். ஆயினும், இன்று தொடங்காவிட்டால் அந்தப் பதினைந்து ஆண்டுகள் மேலும் தள்ளிப்போகும்.